மடிச்சூடு

“‘நீ பிடின்னு சொன்ன, நான் பிடிச்சேன், நீ திரும்ப வாங்கவே இல்ல.’ இதானே சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க, என் காது குளிரட்டும். ‘நீ பிடின்னு சொன்ன, நான் பிடிச்சேன், நீ திரும்ப வாங்கவே இல்ல.’ பதினாலு மாசமா வாயில கொழுக்கட்டைய அடைச்சு வச்சிருந்த மனுஷன், இன்னிக்குத்தான் அதத் துப்பிட்டு என் மேல குத்தம் படிக்கிறாரு. நல்லாயிருக்குங்க. ரொம்ப நல்லாயிருக்கு.”

என்று கையில் தோசைக் கரண்டியோடு ஹெர்மினா கூடத்தின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, அவள் புருஷன் அமல்தாஸ் பால்கனிப் பக்கத்து ஒற்றை சோபாவில் எப்போதும்போல உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் விரிந்து கிடந்த மஞ்சள் துணிப்பையின் மேல் ஆறு கோழிக்குஞ்சுகள் ஈரம் காயாமல் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. ஏழாவதாக ஒன்றும் இல்லை, ஏனென்றால் அவள் கடையில் வாங்கியது அரை டஜன்தான்.

குஞ்சுகளைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. முட்டை என்று இருந்தால் அதிலிருந்து குஞ்சு வந்துவிட்டுப் போகட்டும், அதில் கேட்க என்ன இருக்கிறது. ஆனால் மடியில் வைத்ததை எடுத்து மேஜைமேல் வைக்கத் தெரியாத மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவளுடைய கேள்வி, அமல்தாஸோ அந்த ஒரு வாக்கியத்தோடு மறுபடி வாயை மூடிக்கொண்டுவிட்டார்.

நடந்தது இதுதான். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் காலை, திருச்சி கிராப்பட்டியில் நிர்மலா ரெசிடென்சி என்ற நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு, அன்றைக்கு லிப்ட் வேலை செய்யாத காரணத்தால் படியேறி, ஒரு கையில் மளிகை, ஒரு கையில் முட்டைப் பை, தோளில் தொங்கிய கைப்பைக்குள் அடித்துக்கொண்டிருக்கிற போன் என்று வந்து சேர்ந்த ஹெர்மினா, “இதக் கொஞ்சம் பிடிங்க” என்று பையை அமல்தாஸ் மடியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். பேசியது பாலிடெக்னிக் ஆபீஸ். சார் எப்போது வேலைக்கு வருகிறார், ஜூன் மாதம் திறக்கும்போது வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்றார்கள். வருவார், கட்டாயம் வருவார் என்று அவள் அரைமணி நேரம் கான்வென்ட் இங்கிலீஷில் சத்தியம் பண்ணிவிட்டு போனை வைத்தபோது முட்டை மறந்துவிட்டது. சாயங்காலம் ஞாபகம் வந்து பார்த்தால் பை அப்படியே மடியில் இருந்தது. எடுத்து வைக்கட்டுமே, கை இல்லையா என்று நினைத்தாள். மறுநாள் காலையும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அது முட்டை விஷயமாக இல்லை, யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்கிற விஷயமாக ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காரப் பழகினவளிடமா விளையாடுகிறார்?

ஆனால் அவர் விளையாடவில்லை. அவர் வலது கையால் சாப்பிட்டார், இடது கை பைக்குள்ளேயே இருந்தது. பாத்ரூம் போகும்போது பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனார், திரும்பி வந்து அதே சோபாவில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே தூங்கினார். ஜெபமாலை சொல்வதை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தாலும் விரல்களுக்கு அந்தப் பழக்கம் போகாததால், பைக்குள் ஒவ்வொரு முட்டையாகத் தொட்டு உருட்டி அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருந்தார். அப்படியாக இருபத்தொரு நாள் போனது, இருபத்தொன்றாம் நாள் காலை ஓடு விரிசல் விட்டது, அவர் அதையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த சோபாவில் அவர் வந்து உட்கார்ந்தது, மகளை அடக்கம் பண்ணிவிட்டு வந்த சாயங்காலம். ரோசிட்டா, பத்தொன்பது வயது, ஒரே பிள்ளை, கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் பைபாஸ் ரோட்டில் ஸ்கூட்டியோடு போய்விட்டாள். வந்தவர்கள் எல்லாரும் எழுந்து போனார்கள், அமல்தாஸ் மட்டும் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை, மகள் பெயரையும் சொல்லவில்லை. ஹெர்மினா அவரை டாக்டரிடம் காட்டினாள், பங்குசாமியை வரவழைத்து மந்திரிக்கச் சொன்னாள், மற்ற நேரமெல்லாம் திட்டினாள். கிணற்றில் விழுந்தவனுக்குக் கயிறு போடுகிற மாதிரி விடியற்காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை வசவு வசவாக உள்ளே இறக்கிக்கொண்டே இருந்தாள், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துவிட மாட்டாரா என்று. அவர் எழுந்திருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். எழுந்து நின்று, அவளிடம், ரோசி என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும்.

முதலில் வந்து பார்த்தவள் இரண்டாவது மாடி மங்கையர்க்கரசி. ஹெர்மினாவின் சத்தம் கேட்டு அந்தக் கட்டடத்தில் யாரும் வருவதை நிறுத்தி வெகுநாள் ஆகிவிட்டது, அன்றைக்குச் சத்தம் திடீரென்று நின்றதால்தான் வந்தாள்.

“கடை முட்டையா அக்கா?”

“அண்ணாச்சி கடை. நாமக்கல் முட்டை.”

“சேவலே படாத முட்டையாச்சே அது.”

“படாததுதான்.”

மங்கையர்க்கரசி குஞ்சுகளையும் பால்கனியையும் மாறி மாறிப் பார்த்தாள். “இந்த வருஷம் வெயிலு அப்படி அடிக்குதுக்கா,” என்று சொல்லிவிட்டு, தவிட்டை ஈரமாகப் பிசைந்து வைக்கச் சொல்லிப் போனாள்.

அடுத்தது செக்ரட்டரி வைத்தியலிங்கம், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கையில் அசோசியேஷன் விதிகள் அச்சடித்த பைலா புத்தகம்.

“மேடம், பதினாலாவது ஷரத்து என்ன சொல்லுதுன்னா, செல்லப் பிராணிகள்...”

“சார், இது செல்லமும் இல்ல, பிராணியும் இல்ல. காலையில ஆம்லெட்டாப் போயிருக்க வேண்டியது. ஆம்லெட்டுக்கு ஏதாவது ஷரத்து இருந்தா காட்டுங்க.”

ஷரத்தைக் காட்டுவதற்காக மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எவ்வளவு பெரிய பிராணி என்பதைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொள்வதற்காக ஒரு குஞ்சைக் கையில் எடுத்தவர், எடுத்தபடியே நின்றுவிட்டார். அவர் மகன் கனடாவிலிருந்து ஐந்து வருஷமாகப் பேசுவதில்லை, அந்த நினைப்பு அவருக்கு நெஞ்சில் ஆணி மாதிரி எப்போதும் இருக்கும், குஞ்சு கையில் இருந்த நேரம் முழுவதும் அந்த ஆணி எங்கே போனது என்று தெரியவில்லை. சந்தோஷம் வந்ததா என்றால் இல்லை. நிம்மதியா என்றால் அப்படியும் சொல்ல முடியாது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்கிற மாதிரி இருந்தது, இருக்கிறது, ஆனால் இல்லை. பத்து நிமிஷம் கழித்து, “இதை நான் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா மேடம்?” என்றார். அவர் போன பிறகு பைலா புத்தகம் டீப்பாயின் மேலேயே கிடந்தது.

அந்த வாரத்திலேயே ஆறு குஞ்சும் ஆறு வீட்டுக்குப் போய்விட்டன, அடுத்த வாரம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முட்டை வர ஆரம்பித்தது. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு ஒன்று, பேங்கிலிருந்து போன் வந்தால் கை நடுங்குகிற மனுஷனுக்கு ஒன்று, நாத்தனாரோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறவளுக்கு இரண்டு. கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து வந்தார்கள், இது நடக்கவே வழியில்லை என்று அவர் சொன்னார், குஞ்சுகளைப் பிடித்துப் பார்த்து, நல்ல ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுத்தார், போகும்போது தனக்கும் ஒன்று கேட்டார். தவக்காலம் என்பதால் கிறிஸ்தவ வீடுகளில் வேறொரு சிக்கல் எழுந்தது. வெள்ளிக்கிழமை இறைச்சிதானே கூடாது, முட்டை சாப்பிடலாம் என்று இருந்தவர்கள், உள்ளே உயிர் இருக்கிறதோ என்று தெரியாமல் எப்படிச் சாப்பிடுவது என்று பங்குசாமியிடம் போய் நின்றார்கள். அவர் இரண்டு நாள் யோசித்து, அமல்தாஸ் மடியில் வைக்காத முட்டையைச் சாப்பிடலாம் என்றார், அதோடு அது தீர்ந்தது.

பொதுக்குழு கூடித் தீர்மானம் போட்டது. குஞ்சு வைத்துக்கொள்ளலாம், சேவல் ஆனதும் மொட்டை மாடிக்குப் போய்விட வேண்டும், முட்டைப் பையோடு வருகிறவர்களுக்கு லிப்டில் முதலிடம். சோபாவுக்கு அசோசியேஷன் சார்பாகப் புது மெத்தை வந்தது. ஆறு முட்டை என்பது முப்பது முட்டை ஆனது, ஓர் அட்டை முழுவதும், ஒரு போர்வையில் சுற்றி அமல்தாஸின் மடியிலும் விலாவிலும் தொடைக்கு இரண்டு பக்கமும் அடுக்கிவிடுவார்கள். அடை வைத்த முட்டைக்கு இடி ஆகாது, இரும்பு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மங்கையர்க்கரசி ஒரு பழைய பூட்டுச் சாவியைக் கொண்டு வந்து அவர் சட்டைப் பையில் போட்டாள். யாரும் எதையும் திரும்ப வாங்கிக்கொள்ளாத வரை அவர் பிடித்துக்கொண்டிருப்பார் என்று கட்டடத்துக்கே தெரிந்துபோயிருந்தது.

ஹெர்மினா அந்தக் குஞ்சுகளை ஒருநாளும் கையால் தொடவில்லை. முறத்தால் வாரி அட்டைப் பெட்டியில் போடுவாள். “எனக்கு வேண்டாம்மா. நான் உணர்ச்சியோடவே இருந்துக்கிறேன், உள்ள வேலை கிடக்கு,” என்பாள்.

இதற்குள், எதற்கு மூன்றாவது மாடிக்கு ஏற வேண்டும், நம் வீட்டிலும்தான் மடி இருக்கிறது என்று சிலர் தாங்களே வைத்துப் பார்த்தார்கள். இருபத்தொரு நாள் யாரால் உட்கார முடியும், ஆபீஸ் போகிறவர்கள் பனியனுக்குள் கட்டிக்கொண்டு போனார்கள், பஸ்ஸில் நசுங்கியது, வீட்டில் இருப்பவர்கள் முந்தானையில் முடிந்துகொண்டார்கள், அநேகமாக எல்லாம் அழுகியது, மாடிப்படி முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய நாற்றம். ஆனால் ஒரு வீட்டில் பொரித்தது, பிறகு இன்னொரு வீட்டில் பொரித்தது, யார் யார் மடியில் பொரிக்கிறது என்று கணக்குப் பார்த்தபோது விஷயம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது, புரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உள்ளே எதுவும் ஓடாமல் நின்றுபோனவர்களுக்குத்தான் அந்தச் சூடு இருக்கிறது.

அன்றிலிருந்து நாற்றம் கௌரவமாகிவிட்டது. “எங்க வீட்ல அத்தனையும் கூமுட்டைங்க, ஒண்ணுகூட உருப்படல,” என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள், நாற்றம் நன்றாகப் பரவட்டும் என்று வாசல் கதவைத் திறந்தே வைத்தார்கள். புருஷன்மார்கள் பெண்டாட்டி மடியில் ராசி பார்க்கிற சாக்கில் ஒரு முட்டையை வைத்துவிட்டு இருபத்தொரு நாளும் பயந்துகொண்டே சாப்பிட்டார்கள். செக்ரட்டரி வீட்டில் என்ன ஆனது என்று யாருக்கும் சொல்லப்படவில்லை, ஆனால் ஒருநாள் காலை அவர்கள் பாத்ரூம் ஜன்னல் வழியாகப் புதுக் குஞ்சுகள் கீச்சு கீச்சென்று கத்துவது கேட்டது, அதிலிருந்து வைத்தியலிங்கம் தினமும் சாயங்காலம் மனைவியைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறார், பேச்சில்லாமல், முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக.

மங்கையர்க்கரசி வீட்டில் மருமகள் சிந்துஜாவின் முந்தானையில் நாலு முட்டை, நாலும் பொரித்தது. முசிறியிலிருந்து தை மாதம் கல்யாணம் ஆகி வந்த பெண், இருபதாம் நாள் புருஷன் மஸ்கட் போய்விட்டான்.

“என்னக்கா குறை அவளுக்கு? ஏசி இருக்கு, தனி ரூம் இருக்கு, நான் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினது கிடையாது. ஊரு என்ன நினைக்கும்?” என்று மங்கையர்க்கரசி ஹெர்மினாவின் அடுப்படிக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஊரு ஒண்ணும் நினைக்காது. ஊருக்குக் குஞ்சு வேணும்.”

“அதுக்குத்தான் சொல்றேன். அவ முட்டைய எடுத்துட்டு உங்க வீட்டுக்கு வந்து அண்ணன் பக்கத்துல உக்காந்துக்கட்டும். பொரிச்சா, அண்ணன் சூட்டுலதான் பொரிச்சதுன்னு இருக்கட்டுமே.”

அப்படியாகச் சிந்துஜா தினமும் காலை பத்து மணிக்கு வந்து ஒரு மோடாவில் உட்கார ஆரம்பித்தாள், மடியில் நாலு முட்டையோடு, அமல்தாஸுக்குப் பக்கத்தில், இரண்டு பேரும் பால்கனிக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

இதெல்லாம்கூட ஹெர்மினா பொறுத்துக்கொண்டிருப்பாள். வாயைத்தான் கட்டினார்கள், அதுதான் பொறுக்கவில்லை. இரண்டாவது ஈடு வைத்த ஐந்தாம் நாள், அமல்தாஸ் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார் என்று அவள் வழக்கம்போல் ஆரம்பித்தாள், முதல் வாக்கியம் முடிவதற்குள் கூடத்தில் முட்டை பார்க்க வந்திருந்த நாலு பேரும் ஒரே சமயத்தில் உதட்டில் விரலை வைத்தார்கள்.

“அக்கா, மெதுவா. அதிர்ந்தா கரு கலைஞ்சிடும்.”

“என் வீட்ல என் புருஷன நான் திட்டக்கூடாதா?”

“திட்டுங்க, யாரு வேண்டாம்னா? இந்த ஈடு முடியட்டும்.”

ஈடு முடிந்ததும் அடுத்த ஈடு வைத்தார்கள். வாசலில் அமைதி என்று எழுதி ஒட்டினார்கள், செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள், மிக்ஸியை அரைப்பதானால் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அரைக்கச் சொன்னார்கள். அவள் செக்ரட்டரியைப் பிடித்து, “சார், ஜூன்ல அவரு வேலைக்குப் போகணும். நான் அவர எழுப்பியாகணும்,” என்றாள். “போகட்டும் மேடம், கண்டிப்பாப் போகட்டும்,” என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், “ஆனா இந்த நிலைமையில அவர டிஸ்டர்ப் பண்றது சரியான்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. எவ்வளவு பேருக்கு உபயோகமா இருக்காரு.” அவள் யோசித்துப் பார்த்தாள். பதினாறு மாதமாக ஒருத்திதான் அந்த மனுஷனை எழுந்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது இருபத்து மூன்று வீடு சேர்ந்து அவரை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தது.

கயிறு இறக்குவது நின்றது. முதலில் கொஞ்ச நாள் அவள் அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவரைத் திட்டினாள். பிறகு குழாயைத் திறக்காமல் மனசுக்குள் திட்டினாள். பிறகு ஒருநாள், குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது, காலையிலிருந்து உள்ளேயும் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தாள், கவனித்துவிட்டுக் கறிவேப்பிலையைப் போட்டாள்.

மே மாதக் கடைசி வாரம், மூன்றாவது ஈட்டின் பதினேழாம் நாள் காலை அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் சிந்துஜாவின் குரல் கேட்டது. ஒரு மாதத்துக்கு மேலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அன்றைக்குத்தான் சுவரைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

“அங்கிள், போட்டோவுல இருக்கிறது உங்க பொண்ணா?”

“ம்.”

“பேரு என்ன?”

கத்தி வெண்டைக்காயின் நடுவில் நின்றது. அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. எல்லாருக்கும் பெயர் தெரியும், தெரிந்ததை எதற்குக் கேட்பார்கள். டாக்டர் தூக்கம் வருகிறதா என்று கேட்டார், பங்குசாமி விசுவாசம் இருக்கிறதா என்று கேட்டார், ஹெர்மினா எழுந்திருக்கப் போகிறீர்களா இல்லையா என்று கேட்டாள்.

“ரோசி,” என்றார் அமல்தாஸ். “ரோசிட்டா. அவங்கம்மா வச்ச பேரு.”

“என் வயசா?”

“உன்னவிட ரெண்டு வயசு சின்னவ.”

“எப்படி அங்கிள்?”

“வருஷப் பொறப்புக்கு கேக் போட்டுக்கிட்டு இருந்தாங்க ரெண்டு பேரும். வெண்ணெய் பத்தல. வாங்கப் போனா. அவங்கம்மா சீக்கிரம் சீக்கிரம்னா. ஹெல்மெட் மாட்டாம ஓடிட்டா. எப்பவும் மாட்டுவா.”

அவர் குற்றம் சொல்லவில்லை. மத்தியானம் மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சத்தம் வந்தது, பழைய கதவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம், “ஆன்ட்டி, அங்கிள் அழறாரு, வாங்களேன்,” என்று சிந்துஜா கூப்பிட்டாள். ஹெர்மினா பாதியில் நின்ற வெண்டைக்காயை நறுக்கி முடித்தாள். மீதி இருந்ததையும் நறுக்கினாள். எல்லாம் ஒரே அளவாக இருந்தது. பதினேழு மாதமாக அவளுக்கு வேண்டியிருந்த வார்த்தை பக்கத்து அறையில் சொல்லப்பட்டுவிட்டது, வேறொரு பெண்ணிடம், அதோடு சேர்த்து அவள் வேண்டாம் வேண்டாம் என்று ஓடிக்கொண்டிருந்த வார்த்தையும் சொல்லப்பட்டுவிட்டது. சீக்கிரம். காலையில் பால்காரனிடமும், லிப்டின் பட்டனிடமும், அடுப்பிடமும், கடவுளிடமும் அவள் சொல்கிற வார்த்தை. அவள் நறுக்கினதை மறுபடி ஒருமுறை குறுக்கே நறுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை முப்பது முட்டையும் அழுகிவிட்டன.

“ஹெர்மி, நாறுதும்மா,” என்று சொல்லி அமல்தாஸ் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கால் மரத்துப்போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் அரைமணி நேரம் குளித்தார். கட்டடமே வந்துவிட்டது, மூக்கைப் பொத்திக்கொண்டு, மெதுவாக அடி வைத்து நடந்து வந்து, “முப்பதுமா போச்சு? ஒண்ணுகூட மிஞ்சலயா?” என்று துக்கம் கேட்டார்கள். ரோசியின் அடக்கத்துக்கு வந்தவர்களைவிட நாலு பேர் கூடுதலாகவே இருந்தார்கள். ஹெர்மினா எல்லாருக்கும் காபி கொடுத்தாள். அவள் வாயிலிருந்து ஏதாவது ஒன்று வரும், வாங்கிக்கொண்டு போகலாம் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு அவர்கள் போனார்கள்.

அதன் பிறகு அமல்தாஸ் பேசினார். ரோசியின் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு துணியாக எடுத்துப் பார்த்து அழுதார், அழுதுவிட்டுச் சாப்பிட்டார், இன்னொரு கரண்டி சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரோசி சின்ன வயதில் குச்சி ஐஸைக் கடித்துத் தின்றது, ரோசிக்குப் பல்லி என்றால் பயம், ரோசி ஒருதடவை பிரின்ஸிபாலிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது என்று நாளுக்கு நாற்பது தடவை ரோசி ரோசி என்று சொன்னார். “உனக்கு ஞாபகம் இருக்கா ஹெர்மி?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. பாலிடெக்னிக்குக்குத் தானே போன் பண்ணி, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்னார். பதினேழு மாதமாக அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. கிடைத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் வேலைகளைச் செய்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை அவர் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று சலூனுக்குப் போனார். ஹெர்மினா சோபாவின் உறையைக் கழற்றித் துவைத்து, மெத்தையை மொட்டை மாடி வெயிலில் இரண்டு பக்கமும் காயப்போட்டு, பதினோரு மணிக்குள் திரும்பக் கொண்டு வந்து போட்டாள். உறையை இழுத்து மாட்டினாள். ஒரு மூலை சரியாக உட்காரவில்லை, உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்று உட்கார்ந்தாள். முதலில் முதுகு சாயாமல்தான் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, அதன் விளிம்பில் ஒரு காக்கா, அதற்கு மேல் வெள்ளையாக வானம், வேறு ஒன்றும் இல்லை. இதையா இத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தாள். காக்கா போய்விட்டது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு எப்போது சாய்ந்தது என்று தெரியவில்லை.

திறந்திருந்த கதவு வழியாக மங்கையர்க்கரசி வந்தாள். சோபாவையும் சோபாவில் இருந்தவளையும் வாசலிலிருந்தே கொஞ்ச நேரம் பார்த்தாள். வந்து, டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி ஹெர்மினாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், புறங்கையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

“அக்கா?” என்றாள்.

ஹெர்மினா அவளைப் பார்த்தாள்.

“சரி, சரி. நீங்க பாட்டுக்கு இருங்க,” என்று மங்கையர்க்கரசி படிக்கு ஓடி, ஒரு பையோடு திரும்பி வந்தாள். அவள் கேட்கவில்லை, இவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றாக, ஒன்றோடொன்று முட்டாமல், பன்னிரண்டு முட்டையை ஹெர்மினாவின் மடியில் அடுக்கி முந்தானையை இழுத்து மூடிவிட்டு, வெளியே போய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் அவள் மெதுவாகக் கதவைத் தட்டுவது கேட்டது, பிறகு கிசுகிசுப்பு, பிறகு மிக்ஸி ஒன்று பாதியில் நிற்பது.

அமல்தாஸ் வந்தபோது தலையெல்லாம் பவுடர் வாசம். “யாரு உக்காந்திருக்கிறது பாரு, மகாராணி,” என்று சிரித்தார். நல்ல சிரிப்பு, அவளுக்குத் தெரிந்த பழைய சிரிப்புதான். முந்தானைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. “இரு இரு, எழுந்திரிக்காத. இவ்வளவு நாளா நீதானே ஓடின. இன்னிக்கு நான் காபி போடறேன்,” என்று அடுப்படிக்குள் போனார். பாத்திரம் விழுந்தது, எடுத்து வைத்தார். தீப்பெட்டியைத் தேடினார், லைட்டர் கிடைத்தது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் வந்தது, உளுந்து, கடுகு, புளி என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“ஹெர்மி, சீனி எங்க?”

அலமாரியில், இரண்டாவது தட்டில், ரவை டப்பாவுக்குப் பின்னால், ஹார்லிக்ஸ் பாட்டிலில். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறது, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு என்று கேட்க வேண்டியதும்கூட, முழு வாக்கியமாக, முற்றுப்புள்ளியோடு அவளிடம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், தூரத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த மாதிரி. அவள் விரல்கள் முந்தானைக்குள் ஒரு முட்டையைத் தொட்டு, உருட்டி, அடுத்ததற்குப் போயின.

“ஹெர்மி,” என்று அவர் உள்ளேயிருந்து மறுபடி கூப்பிட்டார், “பால் காஞ்சிருச்சும்மா. சீனிய மட்டும் எங்க வச்சிருக்கன்னு கொஞ்சம் சொல்லேன்.”